ஊழலில் முதலிடம் பிடித்த நாடு ஏற்றுமதியில் எப்படி முந்தியது?

கேள்வி: 2024 அக்டோபர் 15

நேற்று பொருளாதார நோபல் பரிசு அறிவித்துவிட்டார்கள். அசெமோக்ளு, ஜான்சன், ராபின்சன் மூவருக்கும். சாரம் இதுதான்: சட்டம், நீதிமன்றம், சொத்துரிமை, ஆள்பவரைக் கேள்வி கேட்கும் வழி இவையெல்லாம் ஒழுங்காக இருக்கும் நாடு வளரும். ஒரு சிலர் மட்டும் சுரண்டித் தின்ன வசதியாக அமைந்த நாடு ஏழையாகவே கிடக்கும். நம் ஊர்த் திண்ணையில் பெரியவர்கள் சொன்னதற்கு இப்போது பரிசு! லஞ்சம் ஒழியாமல் எந்த நாடும் உருப்படாது. மறுப்பவர் யாராவது உண்டா?

பதில்: அக்டோபர் 15, இரவு

உண்டு. வங்கதேசம்.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் வெளியிடும் ஊழல் பட்டியலில் 2001 முதல் 2005 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அடிமட்டம் அந்த நாட்டுக்குத்தான். 2004ல் ஹைத்தியும் 2005ல் சாட் நாடும் துணைக்கு வந்தன. அதே ஆண்டுகளில் நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டுக்காரரிடம் விலையும் ஆர்டரும் பேசுகிறவன். ஐரோப்பாவுக்குச் சாதா ரவுண்ட் நெக் பனியனுக்கு விலை அனுப்புவேன். "டாக்கா விலை இதைவிடக் குறைவு" என்று ஒற்றை வரியில் பதில் வரும். உலகத்திலேயே ஊழல் மிகுந்த நாடு என்று பெயர் எடுத்தவன் என் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போனான். இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்து நிற்கிறான். திண்ணைப் பெரியவர்களிடம் இதற்கு என்ன பதில்?

அக்டோபர் 16

"மலிவான கூலி, வேறென்ன" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். மலிவான கூலி ஆப்பிரிக்காவில் பாதி நாடுகளில் இருந்தது. நேபாளத்தில் இருந்தது. பர்மாவில் இருந்தது. கூலி மலிவாக இருப்பதற்கு ஏழையாக இருந்தால் போதும், அதற்குத் திறமை வேண்டாம். கேள்வி அதற்கு அடுத்தது.

கதை தென்கொரியாவில் தொடங்குகிறது. 1974ல் பல்லிழை ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. எந்த நாட்டிலிருந்து எத்தனை சட்டை உள்ளே விடலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோட்டா வைத்தன. கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டது. தேவூ நிறுவனத்தின் கிம் வூ சூங், கோட்டா இல்லாத நாடு ஒன்றைத் தேடினார். சட்டை ஏற்றுமதி பெரிதாக இல்லாத நாட்டுக்குக் கோட்டா எப்படி இருக்கும்? வங்கதேசம் கண்ணில் பட்டது. அங்கே நூருல் காதர் என்பவர், அரசு உயர் பதவியில் இருந்து விலகித் தொழிலுக்கு வந்தவர், தேஷ் கார்மெண்ட்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார். 1979ல் தேஷ் தன் ஆட்கள் 130 பேரைக் கொரியாவின் பூசான் நகரத்துத் தேவூ ஆலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. 1980ல் சிட்டகாங்கில் தையல் தொடங்கியது. 1981ல் தேஷ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இனிதான் சங்கதி. அந்த 130 பேரில் 115 பேர் அடுத்த சில ஆண்டுகளில் தேஷை விட்டு வெளியேறினார்கள். சிலர் சொந்தமாக ஆலை வைத்தார்கள். சிலரை மற்ற முதலாளிகள் கூடுதல் சம்பளம் கொடுத்துக் கொத்திக்கொண்டு போனார்கள். தேஷ் முதலாளிக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். நாட்டுக்கு அதுதான் மூலதனம்.

திருப்பூரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கட்டிங் மாஸ்டராக இருந்தவர் ஐந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தொடங்குவார். அவரிடம் இருந்த சூப்பர்வைசர் இரண்டு வருடத்தில் எதிர் சந்தில் பத்து மெஷின் போடுவார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஆர்டர் நிறைந்துவிட்டால் ஒருவர் வேலையை இன்னொருவர் தைத்துக் கொடுப்பார்.

அக்டோபர் 17

"கிஸ்ஸிங்கரே வங்கதேசத்தைத் தேறாத நாடு என்று சொன்னாரே" என்று எழுதிய நண்பருக்கு ஒரு திருத்தம். கிஸ்ஸிங்கர் அப்போது அமெரிக்க ஜனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகர். 1971 டிசம்பரில் வாஷிங்டன் கூட்டம் ஒன்றில் அந்த வார்த்தையை முதலில் சொன்னவர் யூ. அலெக்ஸிஸ் ஜான்சன் என்ற அதிகாரி. அது நம் தலையில்தான் விடியவேண்டும் என்றில்லை என்கிற பொருளில் கிஸ்ஸிங்கர் பதில் சொன்னார். பெரிய மனிதர் பெயரில் வசவு ஒட்டிக்கொண்டால் பிறகு உரிப்பது கடினம். அவருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. 1971ல் அவர் செய்த மற்ற காரியங்களுக்கு இந்த வசவு போதாது.

அக்டோபர் 19

ஊழல் நிறைந்த நாட்டில் ஏற்றுமதி எப்படி நடந்தது? சுங்கத்தில் லஞ்சம், மின்சாரத்தில் லஞ்சம், துறைமுகத்தில் லஞ்சம், எல்லாம் இருந்தன, இருக்கின்றன. ஆனால் இரண்டு ஏற்பாடுகளை மட்டும் உருப்படியாகச் செய்துவிட்டார்கள்.

ஒன்று, வங்கி. வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஒரு லட்சம் டாலருக்கு எல்.சி. (சரக்கை அனுப்பினால் பணம் தருவதாக வங்கி எழுதித் தரும் உறுதி) திறக்கிறார் என்று வையுங்கள். அந்தத் தாளையே ஈடாக வைத்து, துணி விற்கும் சீனாக்காரன் பெயரில் டாக்கா வங்கி எழுபதாயிரம் டாலருக்கு இன்னொரு எல்.சி. திறக்கும். துணி வரும், தைப்பார்கள், கப்பல் ஏறும், பையர் பணம் வரும், அதிலிருந்து துணிக்காரன் கணக்கு தீரும். நடுவில் தைத்துக் கொடுத்தவர் துணிக்காகத் தன் பையிலிருந்து பணம் போடவே இல்லை. மெஷின், கொட்டகை, கூலி இருந்தால் போதும். சொத்து இல்லாத, கற்ற கை மட்டும் உள்ள அந்த 115 பேரைப் போன்றவர்கள் முதலாளியாக முடிந்தது இதனால்தான்.

இரண்டு, சுங்கம். இறக்குமதித் துணிக்கு வரி கிடையாது, ஆனால் சுங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் வைக்க வேண்டும். எவ்வளவு துணி வந்தது, எவ்வளவு சட்டையாக வெளியே போனது என்று ஒரு கையேட்டில் பதிவு. வரியை முதலில் கட்டு, ஏற்றுமதி செய்த பிறகு திரும்பக் கேள் என்கிற முறையோடு இதை ஒப்பிடுங்கள். திரும்பக் கேட்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு அலுவலகத்தில் எங்கள் கோப்பு ஒரு மேசையிலிருந்து பக்கத்து மேசைக்குப் போக ஒரு தீபாவளியிலிருந்து பொங்கல் வரை ஆனது. இடைவெளி நான்கடி இருக்கும்.

ஆக, நாடு முழுக்க ஒழுங்கு செய்யவில்லை. ஏற்றுமதிக்காரன் நடக்க ஒரு ஒற்றையடிப் பாதை போட்டார்கள். சுற்றிலும் சேறுதான்.

அக்டோபர் 19, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் இந்தியா ஏன் அதைச் செய்யவில்லை?"

செய்தது வேறு. ஆயத்த ஆடையைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி வைத்தோம். மெஷின் முதலீடு ஓர் அளவைத் தாண்டக் கூடாது. நெய்த துணி ஆடைகளுக்கு 2001லும் பின்னலாடைக்கு 2005லும்தான் அந்தக் கட்டு தளர்ந்தது. ஏழைத் தொழில்முனைவோரைப் பெரிய முதலாளி விழுங்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். நடந்தது என்ன? ஆர்டர் பெருகியவர் ஆலையைப் பெரிதாக்காமல் மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று, மாமனார் பெயரில் ஒன்று என்று திறந்தார். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு பெயர்ப்பலகை. டாக்காக்காரன் ஒரே கூரையின் கீழ் இரண்டாயிரம் பேரை உட்காரவைத்து ஒரே அளவு, ஒரே தையல் என்று மாதம் முழுக்கத் தைத்துத் தள்ளினான். அடிப்படைப் பனியனில் நாம் தோற்ற இடம் அது. குழந்தை உடை, பிரிண்ட், எம்ப்ராய்டரி, சின்னச் சின்ன ஆர்டர் என்று நாம் தாக்குப்பிடித்ததற்கும் அதே சிறிய யூனிட்டுகள்தான் காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 21

டாக்காவை அடுத்த காஜிப்பூரில் ஓர் ஆலையைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன், பையர் ஒருவருடைய தரப் பரிசோதனைக்குத் துணையாகப் போனபோது. தையல் வரிசை ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு வெள்ளைப் பலகை. மணிக்கு எத்தனை உருப்படி இலக்கு, எத்தனை முடிந்தது, எத்தனை பழுது. இதெல்லாம் திருப்பூரிலும் உண்டு. என்னை நிறுத்தியது ஊசிப் பதிவேடு.

தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷின் நிற்கும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு தாளில் பொருத்தி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்து, டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் எண், தைத்தவர் பெயர் எழுதிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவைத்து மெட்டல் டிடெக்டரில் விடுவார்கள். குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை போய்விட்டால் ஆர்டர் போச்சு, ஆலை போச்சு. அந்தப் பதிவேட்டை வைத்திருந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் உடைந்த ஊசிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. தேதி தவறவில்லை, அடித்தல் திருத்தல் இல்லை. பையரின் ஆள் பதிவேட்டை ஐந்து நிமிடம் புரட்டினார், பிறகு வேறு எதையும் அதிகம் கேட்கவில்லை.

வெளியே அந்த நாட்டு நில ஆவண அலுவலகத்தில் எந்தப் பதிவேடும் இப்படி இருந்திருக்காது. அமைப்பு என்று நோபல்காரர்கள் சொல்வது தலைநகரத்தில் மட்டும் இருப்பதில்லை. ஓர் ஆலைக்குள்ளும் இருக்கலாம், நான்கு சுவருக்கு அப்பால் இல்லாமல் போகலாம்.

அக்டோபர் 24

"எல்லாம் கோட்டா அதிர்ஷ்டம். கொரியாவுக்குக் கதவு அடைத்ததால் இவர்களுக்குத் திறந்தது" என்கிறார் ஈரோட்டு அன்பர். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நேபாளத்தைப் பாருங்கள்.

நேபாளத்துக்கும் அதே கோட்டா அதிர்ஷ்டம் அடித்தது. 1980களில் இந்தியக் கோட்டா இறுகியபோது இங்கிருந்து பல முதலாளிகள் காத்மாண்டுவுக்குப் போய் ஆலை வைத்தார்கள். துணி இங்கிருந்து, டெய்லர்களில் பெரும்பங்கு இங்கிருந்து, கப்பல் கொல்கத்தாவிலிருந்து. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி ஏறியது. 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முறை முழுக்க ஒழிந்தது. நேபாளத்தில் ஆலைகள் மளமளவென்று மூடப்பட்டன. வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

வங்கதேசமும் அத்தோடு காலி என்றுதான் 2004ல் எல்லோரும் சொன்னார்கள். சீனா விழுங்கிவிடும், பெண்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வருவார்கள் என்று. எங்கள் ஊர் டீக்கடையில் அதற்காகக் கொஞ்சம் சந்தோஷமாகவே காத்திருந்தோம். நடந்தது தலைகீழ். ஏற்றுமதி ஏறியது.

ஒரே வாய்ப்பு, ஒரே தொழில், ஒரே தேதி. ஓரிடத்தில் தொழில் கற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள், ஆலை உள்ளூர்க்காரருடையது, துறைமுகம் கைக்கெட்டிய இடத்தில். இன்னோரிடத்தில் கடல் இல்லை, கற்ற கையும் ஊரார் கை இல்லை. அதிர்ஷ்டம் இருவர் வீட்டுக் கதவையும் தட்டியது, ஒரு வீட்டில்தான் ஆள் இருந்தது.

ஐரோப்பா 2001 முதல் மிக ஏழை நாடுகளுக்கு ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் வரி விலக்கு கொடுத்ததும் வங்கதேசத்துக்குக் கைகொடுத்தது. நமக்கு அங்கே ஏறத்தாழ 10 சதவீத வரி. அதை நான் மறைக்கவில்லை. என் விலைப்பட்டியலில் தினமும் அதைப் பார்த்து எரிந்தவன் நான். ஆனால் அதே சலுகை நேபாளத்துக்கும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

அக்டோபர் 29

தீபாவளி போனஸ் பட்டுவாடா முடிந்து திருப்பூர் காலியாகிக்கொண்டிருக்கிறது. ரயில் நிலையத்தில் பீகாரும் ஒடிசாவும், பஸ் நிலையத்தில் மதுரையும் தேனியும் நிற்கின்றன. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர். மழை பெய்தால் எங்கள் சாலையில் வண்டியின் ஆக்சில் தப்பிப்பது ஆண்டவன் செயல். எனவே வளர்ச்சிக்கு நல்ல சாலை தேவையா என்ற விவாதத்தில் நான் கலந்துகொள்ளமாட்டேன்.

நவம்பர் 4

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்படியென்றால் லஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்கிறீர்களா?" என்று குத்தலாகக் கேட்டிருக்கிறார்.

ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 24. டாக்காவை அடுத்த சாவரில் எட்டு மாடிக் கட்டடம். மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் கட்டியவை. முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, கடைகள் மூடிக்கொண்டன. மேலே இருந்த ஆலைகளில் வேலை செய்தவர்களை மட்டும் மறுநாள் காலையில் வரச்சொன்னார்கள். 1,134 பேர் இறந்தார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்னால் தஸ்ரீன் ஆலைத் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள்.

நான் சொன்ன ஒற்றையடிப் பாதை இதுதான். சட்டையைக் கப்பலேற்ற எது தேவையோ அதை மட்டும் ஒழுங்கு செய்தார்கள். ஊசிமுனை சட்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளப் பதிவேடு இருந்தது, ஏனென்றால் சட்டையைப் போடப்போவது பெர்லினில் ஒரு குழந்தை. தூணில் எவ்வளவு கம்பி போட்டான் என்று கேட்கப் பதிவேடு இல்லை. கட்டட அனுமதியில் வாங்கிய லஞ்சத்தின் விலையை அந்தப் பெண்கள் கொடுத்தார்கள். பரவாயில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? லஞ்சம் இருந்தும் ஒரு நாடு வளர முடியும் என்கிறேன். யார் தலையில் விழும் என்பது வேறு கணக்கு.

நாமும் யோக்கியம் இல்லை. நொய்யலைச் சாயக்கழிவால் கொன்றுவிட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன பிறகுதான் நமக்குச் சுத்திகரிப்பு ஞாபகம் வந்தது. இருபது வருடம் வளர்ச்சி என்று நாம் எழுதிய கணக்கில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்ட உழவர்கள் பெயர் இல்லை.

நவம்பர் 9

கொஞ்சம் திசை மாறுகிறேன். "பெண்களை வேலைக்கு அனுப்ப அந்தச் சமூகம் எப்படி ஒப்புக்கொண்டது" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். ஆலை வந்ததால் மட்டும் அது நடக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1980 முதல் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பத்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். எனக்குப் பிடித்த விஷயம் கூலி கொடுத்த விதம்: எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்க்காமல், பிறகு போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்துச் சம்பளம். ஊசிப் பதிவேட்டுக்கு அண்ணன் முறை. 1994ல் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை நாடு முழுக்க வந்தது. விடுதலை பெற்றபோது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு பிள்ளை; இன்று இரண்டுக்குப் பக்கம். வீட்டில் பிள்ளை பிழைத்தது, பிள்ளை எண்ணிக்கை குறைந்தது, பெண் எழுதப் படிக்கக் கற்றாள். ஆலை வாசலில் நின்ற பெண்ணுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. அரசாங்கம் கைவிட்ட இடத்தில் வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

நோபல் மூவர் இதை எந்தப் பெட்டியில் போடுவார்கள்? அமைப்பு என்றால் அமைப்புதான். ஆனால் நாடாளுமன்றமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை.

நவம்பர் 13

இன்றைய தேதிக்குக் கொரியாவில் ஒரு நினைவு உண்டு. 1970 நவம்பர் 13, சியோலின் பியோங்ஹ்வா சந்தை. அங்கே தையல் கொட்டகைகளில் உயரம் குறைந்த மாடத்தில் சிறுமிகள் நிமிர முடியாமல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். துணி வெட்டும் வேலை செய்த ஜியோன் டே இல், 22 வயது, தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்து, தன்மேல் தீ வைத்துக்கொண்டார். கொரிய அதிசயம் என்று வாய் பிளக்கிறவர்கள் அந்த மாடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் கொரியாவைப் பற்றி நினைக்க நினைக்க என் வாதத்தில் ஓர் இடம் இடிக்கிறது. கொரியாவும் விக், ஒட்டுப்பலகை, சட்டை என்றுதான் தொடங்கியது. 1964ல் மொத்த ஏற்றுமதியே பத்துக் கோடி டாலர். பார்க் சுங் ஹீ ராணுவச் சர்வாதிகாரி, அவர் ஆட்சியில் ஊழல் இல்லை என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். அதுவரை வங்கதேசம் மாதிரிதான். ஆனால் கொரியாக்காரன் சட்டையில் நிற்கவில்லை. உலக வங்கி இது உங்களுக்கு வேண்டாத வேலை என்று கைவிரித்த பிறகும், ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தைப் போட்டு பொஹாங்கில் எஃகு ஆலை கட்டினார்கள். 1973ல் இரும்பு உருகி ஓடியது. அதே காலத்தில் உல்சானில் கப்பல் கட்டும் தளம். கடன் வேண்டுமா, ஏற்றுமதி இலக்கை எட்டு. எட்டவில்லையா, சலுகை கிடையாது. மாதாமாதம் ஏற்றுமதிக் கூட்டம், ஜனாதிபதியே தலைமை.

அதற்கும் முன்னால் நிலச்சீர்திருத்தம். 1950ஐ ஒட்டி மூன்று ஹெக்டேருக்கு மேல் யாரும் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று பண்ணையார் கூட்டத்தையே இல்லாமல் செய்துவிட்டார்கள். வடக்கே இருந்த கம்யூனிஸ்ட் பயத்தில் செய்தது என்றாலும் செய்தார்கள். தெற்காசியாவில் நாம் சட்டம் போட்டுவிட்டு நாய் பெயரிலும் பூனை பெயரிலும் நிலத்தைப் பிரித்தெழுதவிட்டு வேடிக்கை பார்த்தோம்.

வங்கதேசம் 1980ல் தைத்தது சட்டை. இன்று ஏற்றுமதியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஆடைதான். பாதை போட்டார்கள் என்றேன். அந்தப் பாதை வேறெங்கும் கிளை விடவில்லை.

நவம்பர் 14

"தேவூ 1999ல் திவாலாகிவிட்டதே" என்று ஒருவர். ஆமாம், கடனில் மூழ்கியது. வாத்தியார் வகுப்பிலேயே விழுந்தார், மாணவர்கள் பாஸ்.

நவம்பர் 16

யாழ்ப்பாணத்து நண்பரின் கேள்வி நீளமானது. சுருக்கம்: கல்வியில், சுகாதாரத்தில் தெற்காசியாவிலேயே முன்னால் இருந்தது இலங்கை. ஆடைத் தொழிலும் 1977க்குப் பிறகு நன்றாக வந்தது. டாக்கா ஆலைகளில் மேலாளர்களாக இலங்கைக்காரர்கள் வேலை பார்த்தார்கள். பிறகு ஏன் 2022ல் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரிக்க நேர்ந்தது?

நான் பார்த்த வரையில் இலங்கை மேலாளர்கள் வேலையில் கெட்டி. தரத்தில் அவர்களைத் தாண்ட இன்றும் கடினம். எனவே கை கற்காமல் இல்லை. ஆனால் 1948ல் விடுதலை கிடைத்த கையோடு, நாட்டுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்ததில் தொடங்கி, 1956 மொழிச் சட்டம், 1983 ஜூலை, பிறகு 26 ஆண்டுப் போர். கற்றவர்களில் எத்தனை பேர் டொரோண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். தேஷை விட்டுப் போன 115 பேர் எதிர்த்தெருவில் ஆலை வைத்தார்கள். யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர்கள் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நோபல்காரர்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது. நான் சண்டை போடவில்லை.

நவம்பர் 22

புள்ளிவிவரம் போட்டுச் சண்டை பிடிக்கும் தம்பிக்கு: வங்கதேச ஏற்றுமதி எண்ணை எடுத்து வீசும் முன் கவனம். 2024 ஜூலையில் அந்நாட்டு மத்திய வங்கி கணக்கைத் திருத்தியது. 2023-24 நிதியாண்டின் முதல் பத்து மாதத்துக்கு ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு சொன்னதைவிட ஏறக்குறைய 1,400 கோடி டாலர் குறைவு. ஒரே சரக்கை இரண்டு முறை எண்ணியதும் காரணங்களில் ஒன்று. நபர்வாரி வருமானத்தில் இந்தியாவை முந்தும் என்று 2020ல் பன்னாட்டு நிதியம் கணித்ததை வைத்து இங்கே பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள், நானும் அடித்துக்கொண்டேன். அடித்தது முழுக்க வீண் இல்லை, கொஞ்சம் மெதுவாக அடித்திருக்கலாம்.

இந்தத் திருத்தம் வந்த அடுத்த மாதமே, ஆகஸ்ட் 5 அன்று, பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு ஹெலிகாப்டர் ஏறினார். மாணவர் போராட்டம் தொடங்கியது அரசு வேலை இடஒதுக்கீட்டில் என்பதை யோசித்துப் பாருங்கள். இவ்வளவு ஆலை இருந்தும் பட்டம் படித்த பிள்ளைக்கு அரசு வேலையைத் தவிர வேறு வழி தெரியவில்லை. தையல் மெஷினுக்கும் மேலாளர் நாற்காலிக்கும் நடுவில் அந்த நாட்டில் படிக்கட்டு இல்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஒற்றையடிப் பாதையில் முதலில் ஏறியவர்கள் பணக்காரர்களாகி நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். பாதிக்கு மேல் உறுப்பினர்கள் வணிகர்கள், அவர்களில் ஆடை ஆலை முதலாளிகள் கணிசம். கூலி எவ்வளவு, எந்தத் தொழிலுக்குச் சலுகை, எந்த வங்கிக் கடன் வாராக்கடன் என்பதை முடிவு செய்யும் நாற்காலியில் அவர்களே உட்கார்ந்தார்கள். ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி 2013ல் 5,300 டாக்கா, 2018ல் 8,000, அடுத்த உயர்வு 2023 டிசம்பரில் 12,500. ஒவ்வொரு முறையும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு. புதிய தொழில் ஒன்று வந்து இவர்களோடு போட்டி போட இவர்களே ஏன் வழிவிடப் போகிறார்கள்?

ஆக, அக்டோபர் 15 அன்று நான் எழுதியதற்கும் கேள்வி கேட்டவர் எழுதியதற்கும் நடுவில் எங்கோ நிற்கிறேன். ஏணியின் முதல் படியில் ஏற நல்ல அரசு தேவையில்லை. கற்ற கையும் ஒரு பாதையும் போதும். இரண்டாவது படிக்கு, முதல் படியில் நிற்பவனை நகரச்சொல்லும் துணிச்சல் உள்ள அரசு வேண்டும். பார்க் சுங் ஹீ அடித்து நகர்த்தினார். அடிக்காமல் நகர்த்திய நாடு எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தைவான் என்று சொல்ல வருகிறவர்கள், அங்கே ராணுவச் சட்டம் 1987 வரை இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

டிசம்பர் 1

எத்தியோப்பியா பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2016ல் ஹவாசாவில் பிரமாண்டமான தொழிற்பூங்கா திறந்தார்கள். கொட்டகை, மின்சாரம், சுத்திகரிப்பு எல்லாம் அரசே போட்டது. அவ்வளவு மலிவான கூலி ஆடைத் தொழிலில் வேறெங்கும் இல்லை. பெரிய பிராண்டுகள் வந்தன. இங்கிருந்தும் இலங்கையிலிருந்தும் நிறுவனங்கள் போயின. தங்குமிடமும் சாப்பாடும் கூலியில் கட்டுப்படியாகாமல் பெண்கள் சில மாதத்தில் வேலையை விட்டுப் போனார்கள். 2020ல் அந்நாட்டின் வடக்கே டிக்ரேயில் உள்நாட்டுப் போர். 2022 ஜனவரியில் அமெரிக்கா வரிச் சலுகையை நிறுத்தியது. வந்தவர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள். கொட்டகை அங்கேயே இருக்கிறது. காத்மாண்டு கதையை மறுபடி படிக்கிற மாதிரி இருக்கிறதா?

டிசம்பர் 8

கடைசியாக ஒரு விஷயம், பிறகு எனக்கு ஷிப்மென்ட் வேலை இருக்கிறது. ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு டாக்கா ஆர்டர்கள் எல்லாம் திருப்பூருக்கு வந்துகொண்டிருப்பதாக நாளிதழ்களில் படித்துவிட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. கொஞ்சம் விசாரணைகள் வந்தன. சில ஆர்டராக மாறின. ஒரு லட்சம் உருப்படி ஒரே நிறத்தில், எட்டு வாரத்தில், டாக்கா விலையில் என்று கேட்டவருக்கு நான்கு யூனிட்டில் பிரித்துத் தைத்துத் தருகிறோம் என்றோம். அவர் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மிக ஏழை நாடு என்ற தகுதியிலிருந்து வங்கதேசம் வெளியேற 2026 நவம்பர் 24 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பா இன்னும் மூன்று ஆண்டுகள் சலுகையைத் தொடரும் என்கிறது. அப்புறம் அவர்களும் வரி கட்ட வேண்டும், அல்லது புது ஒப்பந்தம் போட வேண்டும். 2004ல் கேட்ட ஆரூடங்கள் அப்படியே மறுபடி டீக்கடைக்கு வந்துவிட்டன. பந்தயம் கட்டச் சொன்னால், சட்டையில் அவர்கள் தோற்கமாட்டார்கள் என்று கட்டுவேன். அங்கே தைக்கத் தெரிந்த கை நாற்பது லட்சம் இருக்கிறது, அதைக் கப்பலில் ஏற்றி வேறெங்கும் கொண்டுபோக முடியாது. அடுத்த தொழிலுக்கு நகர்வார்கள் என்று மட்டும் இன்றைக்கு என் காசைக் கட்டமாட்டேன்.